போன வருஷம் சொதப்பின லிமிட் பாடத்தை இந்த வருஷம் ரிப்பேர் பண்ணின கதை

பகல்ல நான் கோயமுத்தூர்ல ஒரு லேத் பட்டறையில குவாலிட்டி பாக்கறவன், சாயங்காலம் ஆறரைக்கு மேல எங்க வீட்டு மொட்டை மாடியில பிளஸ் ஒன் பசங்களுக்கு மேத்ஸ் டியூஷன். ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லன்னுதான் இத்தனை வருஷம் நெனச்சுட்டு இருந்தேன், இந்த வருஷம் லிமிட் சாப்டர் வந்தப்பதான் பட்டறை மாடிக்கு ஏறி வந்துச்சு. அதைத்தான் எழுதி வெக்கறேன், அடுத்த வருஷம் நானே மறந்துருவேன்.

முதல்ல என்ன ரிப்பேர்னு சொல்லிடறேன். போன வருஷம் ஒம்பது பேர். லிமிட்டை புக்ல இருக்கற மாதிரியே அஞ்சு நாள்ல முடிச்சேன். மேல எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 4, கீழ எக்ஸ் மைனஸ் 2, எக்ஸ் 2-க்குப் போனா என்ன? காரணிப்படுத்து, வெட்டு, 2 போடு, விடை 4. எல்லாரும் டக்கு டக்குன்னு போட்டாங்க, எனக்கும் சந்தோஷம். கடைசி நாள் சும்மா ஒரு கேள்வி கேட்டேன். அதே சார்புதான் (ஃபங்ஷன்), 2-ல மட்டும் மதிப்பு இல்லாம இருந்துச்சுல்ல, அங்க நானா 10-ன்னு ஒரு நம்பரை வெச்சுடறேன், இப்ப லிமிட் என்ன? ஆறு பேர் 10-ன்னாங்க. ஒருத்தன் லிமிட்டே கெடையாதுன்னான். ரெண்டு பேர் 4-ன்னாங்க, அதுல ஒருத்தன் பக்கத்துல பாத்து எழுதினவன்.

அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கல. கணக்கு வருது, விஷயம் வரல. அதாவது லிமிட்னா இவங்களுக்கு "வெட்டிட்டு சப்ஸ்டிட்யூட் பண்றது". அவ்ளோதான். கூப்பிட்டு உக்கார வெச்சு பேசிப் பாத்தா இன்னொண்ணு தெரிஞ்சுச்சு, அந்த வார்த்தையே கோளாறு பண்ணுது. தமிழ் மீடியம் புள்ளைங்களுக்கு லிமிட்டுக்கு வார்த்தை "எல்லை". எல்லைன்னா ஊர் எல்லை, எல்லைக்கல், தாண்டினா அடுத்த ஊரு. அதனால சார்பு அந்த நம்பரைத் தொடவே கூடாது, தாண்டவே கூடாதுன்னு மனசுல பதிஞ்சு போச்சு. இங்கிலீஷ் மீடியம் பசங்க மட்டும் ஒழுங்கான்னா இல்ல, அவங்களுக்கு ஸ்பீட் லிமிட். "கிட்டக் கிட்டப் போகும், ஆனா தொடாது"ன்னு நானே வேற வாயால சொல்லிக் குடுத்திருக்கேன், தப்பு என் மேலதான். எஃப் ஆஃப் எக்ஸ் எப்பவுமே 5-ன்னு ஒரு சார்பு இருந்தா அதோட லிமிட்டும் 5, அது எல்லா எடத்துலயும் 5-ஐத் தொட்டுட்டேதான் இருக்கு. தொடாதுங்கறது ரூல் இல்ல. ரூல் என்னன்னா எந்தப் புள்ளிக்குப் போறோமோ அந்தப் புள்ளியில என்ன இருக்குன்னு நாம கேக்கறதில்ல, சுத்திலும் என்ன நடக்குதுன்னுதான் கேக்கறோம். இதை வாயால சொன்னா பசங்க தலையாட்டுவாங்க, அதோட சரி.

இந்த வருஷம் பதினொரு பேர். புக்கைத் தெறக்காம ஆரம்பிக்கறதுன்னு முடிவு பண்ணேன்.

முதல் நாள் கால்குலேட்டர். மேத்ஸ் பப்ளிக் எக்ஸாம்ல கால்குலேட்டர் கெடையாது, அதனால பசங்ககிட்ட இருக்காது. என்னோட இன்ஜினியரிங் காலத்து சயின்டிஃபிக் ஒண்ணு, பட்டறையில இருந்து இன்னொண்ணு, மீதிப் பேருக்கு போனை சாய்ச்சுப் புடிச்சா வர்ற கால்குலேட்டர். பழைய சார்பையே குடுத்தேன். 1.9 போட்டா 3.9, 1.99 போட்டா 3.99, 2.01 போட்டா 4.01, 2 போட்டா எர்ரர். "எர்ரர் வருதுங்ணா"ன்னு ஒருத்தன் கையத் தூக்கினான், வரட்டும்டா, அந்த ஒரு எடத்தை மட்டும் விட்டுட்டு சுத்திப் பாருன்னேன். இது நல்லாப் போச்சு. 4-ன்னு எல்லாருக்கும் கண்ணுல தெரிஞ்சுச்சு, காரணிப்படுத்தாமலே.

அடுத்தது சைன் எக்ஸ் பை எக்ஸ், எக்ஸ் 0-க்குப் போகுது. இங்க மாட்டிக்கிட்டேன். பாதிப் பேருக்கு 0.1 போட்டா 0.99833, 0.01 போட்டா 0.99998, ஒண்ணுக்குப் போகுது. மீதிப் பாதிக்கு என்ன போட்டாலும் 0.01745. சண்டை. "உன் போன் டூப்ளிகேட்டு"ன்னு ஒருத்தன், "உனக்குத் தட்டத் தெரியல"ன்னு இன்னொருத்தன். எனக்கே ஒரு நிமிஷம் ஆச்சு, அப்புறம்தான் ஸ்க்ரீன் மேல பாத்தா டிகிரி மோட், மத்தவங்களுது ரேடியன் மோட். π-ஐ 180 ஆல வகுத்தா 0.0174532... அதேதான் அது. நான் இதை பிளான் பண்ணல, ஆனா பிளான் பண்ணியிருந்தாலும் இவ்ளோ நல்லா வந்திருக்காது. ஏன் மேல் கிளாஸ்ல கோணத்தையெல்லாம் டிகிரியை விட்டுட்டு ரேடியன்ங்கற இன்னொரு அளவுல போடச் சொல்லி உயிரை வாங்கறாங்கன்னு ஒரு பொண்ணு ரெண்டு மாசமா கேட்டுட்டு இருந்துச்சு, அதுக்குப் பதில் கையிலயே கெடச்சுது. ரேடியன்ல போட்டா அந்த லிமிட் சுத்தமா 1. டிகிரியில போட்டா சைனை வகையிடும்போதெல்லாம் இந்த 0.01745 வால் மாதிரி தொங்கிட்டே வரும்.

இது வரைக்கும் பசங்களுக்கு ஒரு நம்பிக்கை வந்துருச்சு, 0.1, 0.01, 0.001 போட்டு டேபிள் எழுதினா லிமிட் வந்துரும்னு. அந்த நம்பிக்கையைத்தான் ஒடைக்கணும். சைன் ஆஃப் 180 பை எக்ஸ், டிகிரி மோட்லயே போடுங்க, எக்ஸ் 0-க்குப் போகுது. 0.1 போட்டா சைன் 1800, அது 0. 0.01 போட்டா 0. 0.001 போட்டா 0. "லிமிட் ஜீரோங்ணா" பதினொரு பேரும் கோரஸ். சரி, இப்ப 0.3 போடுங்க. மைனஸ் 0.866. 0.03? மைனஸ் 0.866. 0.003? அதே மைனஸ் 0.866. சத்தமே இல்ல. 600 டிகிரி, 6000 டிகிரி, 60000 டிகிரி, எல்லாமே முழுச் சுத்தைக் கழிச்சா 240-லதான் வந்து நிக்கும், அதான். ரெண்டு டேபிள், ரெண்டுமே கச்சிதமா ஒரு நம்பரைக் காட்டுது, ரெண்டும் வேற வேற நம்பர். லிமிட்டே கெடையாது. 0-க்குக் கிட்டப் போகப் போக அது ஒண்ணுக்கும் மைனஸ் ஒண்ணுக்கும் நடுவுல பேய் புடிச்ச மாதிரி ஆடுது, நாம பாத்த எடத்துல மட்டும் சாதுவா இருந்துச்சு. பட்டறையில சாம்பிள் செக் பண்றவனுக்கு இது புரியும், பத்தாவது பீஸ் பத்தாவது பீஸா எடுத்துப் பாத்தா எல்லாம் ஓகே, நடுவுல இருக்கற ஒம்பதும் ரிஜெக்ட்.

கடைசியா ஒண்ணு குடுத்தேன். எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 16-க்கு ரூட், அதுல 4 கழிச்சு, மொத்தத்தையும் எக்ஸ் ஸ்கொயரால வகு. எக்ஸ் 0-க்குப் போகுது. 1 போட்டா 0.1231, 0.1 போட்டா 0.12498, 0.01 போட்டா 0.1249998. சரி 0.125. இன்னும் சின்னதா, 0.00000001 போடுங்கன்னேன். ரெண்டு சயின்டிஃபிக் கால்குலேட்டர்லயும் 0 வரணும், வந்துச்சு. அது உள்ளுக்குள்ள 15 இலக்கம் வரைக்கும்தான் புடிச்சு வெக்கும், 16-ஓட அவ்ளோ சின்ன நம்பரைக் கூட்டினா அதுக்கு 16-தான், ரூட் 4, கழிச்சா 0. மெஷின் சொல்றதை நம்பாதேன்னு லெக்சர் எடுக்க வாயத் தெறக்கறேன், பின்னாடி இருந்து ஒருத்தன் "எனக்கு 0.125 தாங்ணா வருது". போனைப் புடுங்கிப் பாத்தேன், நெசமாவே வந்திருக்கு. எனக்கு அவமானமாப் போச்சு. வீட்டுக்குள்ள போய்ப் படிச்சுப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, கூகுள் கால்குலேட்டர் ஆப்பை 15 இலக்கத்துல வெட்டாம, எத்தனை இலக்கம் கேட்டாலும் சரியா வர்ற மாதிரி எழுதியிருக்காங்களாம். எனவே இந்த டெமோ பண்றவங்க மொதல்லயே யார் கையில எந்த போன் இருக்குன்னு பாத்துக்குங்க. எப்படியோ, கான்ஜுகேட்டால, அதாவது மைனஸ் 4-க்குப் பதிலா பிளஸ் 4 போட்ட அதே ரூட்டால, மேலயும் கீழயும் பெருக்கினா அந்த 0.125 எந்த மெஷினும் இல்லாம வரும், மேல 1, கீழ அந்த ரூட் பிளஸ் 4, அதாவது எட்டுல ஒண்ணு. டேபிள்ங்கறது சந்தேகத்தைக் கெளப்பத்தான், தீர்ப்பு சொல்ல இல்லன்னு போர்டுல எழுதிட்டு அன்னிக்கு முடிச்சேன்.

ரெண்டாம் நாள் பந்து. இது ஃபெயிலியர், ஆனா எழுதியே ஆகணும். மாடிப்படி சுவர்ல ரெண்டு மீட்டர் டேப்பை ஒட்டி, ஒரு ரப்பர் பந்தை மேல இருந்து விட்டு, போன்ல ஸ்லோ மோஷன், செகண்டுக்கு 240 ஃபிரேம். விட்டு அரை செகண்ட் ஆனப்ப பந்தோட வேகம் என்ன? ஃபார்முலாப்படி அது 1.225 மீட்டர் விழுந்திருக்கும், வேகம் செகண்டுக்கு 4.9 மீட்டர். ஆனா வேகம்னா தூரம் பை நேரம், ஒரே ஒரு கணத்துல தூரமும் 0 நேரமும் 0, அப்ப அது என்ன வேகம், இதுதான் கேள்வி. கடைசி 24 ஃபிரேமை எடுத்து, அதாவது 0.1 செகண்ட், சராசரி போட்டா 4.4 வந்துச்சு. 12 ஃபிரேம் எடுத்தா 4.7. ஆஹா ஏறுதுடான்னு 6 ஃபிரேம், 5.0. சரி கொஞ்சம் கூடுது பரவால்ல, ஒரே ஒரு ஃபிரேம் எடுப்போம்னு பாத்தா ஒரு தடவை 3.6, இன்னொரு தடவை 6.0. பந்து ஒரு ஃபிரேமுக்கு ரெண்டு சென்டிமீட்டர் எறங்குது, படம் கலங்கலா இருக்கு, டேப்ல அரை சென்டிமீட்டர் தப்பாப் படிச்சாலும் அதை 240 ஆல பெருக்கினா 1.2 தப்பு. நேரத்தைக் கொறைக்கக் கொறைக்க பதில் நல்லா வரும்னு பாத்தா ஒரு எடத்துக்கு அப்புறம் கெட்டுப் போகுது, நேத்து கால்குலேட்டர்ல நடந்த அதே கதை. ஒரு மணி நேரம், ஒடைஞ்ச தொட்டி ஒண்ணு, எங்கம்மாகிட்ட வாங்கின திட்டு, மிச்சம் இதுதான்.

ஆனா அப்புறம் போர்டுல போட்டேன். அரை செகண்டுக்கு எச் செகண்ட் முன்னாடியிருந்து அரை செகண்ட் வரைக்கும் சராசரி வேகம். 4.9-ஐ வெளிய எடுத்துட்டா உள்ள எச் மைனஸ் எச் ஸ்கொயர், அதை எச்சால வகுத்தா 1 மைனஸ் எச். ஆக சராசரி 4.9 இன்ட்டு 1 மைனஸ் எச். எச்சுக்கு 0 போட்டா 4.9, முடிஞ்சுதுன்னு சாக்பீஸை வெச்சேன்.

ரேடியன் கேட்ட அதே பொண்ணு எந்திரிச்சுது. "ஏங்ணா, எச்சால வகுக்கும்போது எச் 0 இல்லன்னு சொல்லித்தானே வகுத்தீங்க? அடுத்த வரியிலயே 0 போடறீங்க. 0-ன்னா வகுத்தது தப்பு, 0 இல்லன்னா போட்டது தப்பு. எதாவது ஒண்ணுதானே?"

கண்ணு, இதே கேள்வியை 1734-ல அயர்லாந்துல பெர்க்லின்னு ஒரு பாதிரியார் நியூட்டன் ஆளுங்களைப் பாத்துக் கேட்டாரு, இருக்குங்கறீங்க அப்புறம் இல்லங்கறீங்க, இதென்ன செத்துப்போன அளவோட ஆவியான்னு கிண்டலே பண்ணாரு, அன்னிக்கு அவங்ககிட்ட ஒழுங்கான பதில் இல்லன்னு சொன்னேன். பிரான்ஸ்ல கோஷி 1821-லதான் லிமிட்டை வெச்சு எல்லாத்தையும் கட்ட ஆரம்பிச்சாரு, நாம இன்னிக்குப் படிக்கற எப்சிலான் டெல்டா (விடையில தாங்கற தப்பு, எக்ஸ்ல விடலாங்கற தப்பு) வடிவத்துக்கு அதை இறுக்கினது அதுக்கும் பின்னால ஜெர்மனியில வையர்ஸ்ட்ராஸ். பெரிய பெரிய தலைங்களுக்கே நூறு வருஷம் ஆன விஷயம், உனக்கு ரெண்டே நாள்ல உறுத்திருக்கு, நல்லதுதான். பதில் நாளைக்குன்னு சொல்லி அனுப்பிட்டேன். எப்படிச் சொல்றதுன்னு எனக்கே அப்பத் தெரியல.

பதில் மறுநாள் பட்டறையில இருந்துச்சு. ஒரு புஷ் (நடுவுல ஓட்டை போட்ட உருளை பார்ட்) ஜாப், டிராயிங்ல 20 மில்லிமீட்டர், பிளஸ் ஆர் மைனஸ் 0.02. இதை நான் ஒரு நாளைக்கு நூறு தடவை பாக்கறேன். கச்சிதமா 20 வேணும்னு எந்தக் கஸ்டமரும் கேக்க மாட்டான், கேட்டா பைத்தியம். எவ்ளோ தப்பு தாங்கும்னு அவன் சொல்லுவான், அதுக்குள்ள வர்றதுக்கு மெஷினை எவ்ளோ டைட்டா வெக்கணும்னு நாம பாத்துக்கணும். எப்சிலானை அவன் குடுக்கறான், டெல்டாவை நாம கண்டுபுடிக்கறோம். பதினஞ்சு வருஷமா இதைப் பண்ணிட்டு, இதையே மாடியில கிரேக்க எழுத்துல நடத்திட்டு, ரெண்டும் ஒண்ணுன்னு தோணவே இல்ல பாருங்க.

சாயங்காலம் பைண்டிங் அட்டை, கட்டர், ஸ்டீல் ஸ்கேல், துல்லியமா அளக்கறதுக்கு பட்டறையில கேட்டு வாங்கின வெர்னியர் ஒண்ணு. ஆளுக்கு ரெண்டு சதுரம் வெட்டணும். ஆர்டர் இதுதான், பரப்பு 100 சதுர சென்டிமீட்டர், தப்பு 1 வரைக்கும் தாங்கும். பக்கத்துல எவ்ளோ தப்பு விடலாம்னு மொதல்ல கணக்குப் போட்டுட்டுத்தான் கட்டரைத் தொடணும். 101-க்கு ரூட் 10.0499, 99-க்கு ரூட் 9.9499. ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட 0.05 சென்டிமீட்டர், அரை மில்லி. மேல் பக்கம் ஒரு மயிரிழை கம்மியாத்தான் இருக்கு, அதனால அந்தச் சின்னதைத்தான் எடுக்கணும்னு யாரும் சொல்லாமலே புடிச்சாங்க.

வெட்டினாங்க. அன்னிக்கு ஒருத்தன் லீவு, இருவது பீஸ்ல பதிமூணு பாஸ். ஒரு பய ரெண்டு பீஸும் ஃபெயில், ஆனா பரப்பு சரியா வருதுங்கறான். எப்படின்னா ஒரு பக்கம் 10.1, இன்னொரு பக்கம் 9.9, பெருக்கினா 99.99. அடப்பாவி. ரெண்டு பக்கமும் ஒரு மில்லி தப்பு, பரப்பு மட்டும் எங்க வீட்டுத் தராசுல நிறுத்த தங்கம் மாதிரி. அது ரெண்டு மாறி இருக்கற சார்பு, அது காலேஜ்லன்னு சொல்லி, ஒரே ஒரு பக்கத்தை அளந்து அதை ஸ்கொயர் பண்றதுதான் இங்க ரூல்னு மாத்தினேன். (மொதல்லயே சொல்லியிருக்கணும். அடுத்த தடவை பண்றவங்க சொல்லிருங்க.)

அடுத்த ஆர்டர், தப்பு 0.1-தான் தாங்கும். கணக்கு போட்டா பக்கத்துல 0.00499 சென்டிமீட்டர், அதாவது ஒரு மில்லியில நூறுல அஞ்சு பங்கு கூட முழுசா இல்ல. கட்டர்ல நடக்காதுங்ணா. சரி, கட்டர்ல நடக்காது, கணக்குல நடக்குமா? நடக்கும். 0.001 தாங்கும்னா? அதுக்கும் ஒரு நம்பர் வரும். நான் எவ்ளோ சின்னது கேட்டாலும்? கொஞ்ச நேரம் கழிச்சு, வரும்ங்ணா, எப்பவும் வரும். அந்த "எப்பவும்"தான் லிமிட். எக்ஸ் 10-க்குப் போகும்போது எக்ஸ் ஸ்கொயர் 100-க்குப் போகுதுன்னா, எவன் வந்து எவ்ளோ கஞ்சத்தனமான டாலரன்ஸ் குடுத்தாலும் இந்த ஆர்டரை நான் எடுத்துக்கறேன்னு கையெழுத்துப் போடறது. போய்ச் சேர்றது, தொடறது, தாண்டறது எல்லாம் இதுல எங்கயும் வரல.

ஒவ்வொரு தடவையும் ரூட் எடுத்துட்டு இருக்க முடியாதுல்ல, அதனால மொத்தமா ஒரு ஃபார்முலா வேணும். எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 100-ஐ ரெண்டாப் பிரிச்சா எக்ஸ் மைனஸ் 10, எக்ஸ் பிளஸ் 10. பக்கத்துல ஒரு சென்டிமீட்டருக்கு மேல தப்பு விட மாட்டோம்ல, அப்ப எக்ஸ் 11-ஐத் தாண்டாது, எக்ஸ் பிளஸ் 10 வந்து 21-ஐத் தாண்டாது. ஆக கஸ்டமர் சொன்ன தப்பை 21 ஆல வகுத்து அதுக்குள்ள வெட்டினா போதும், அந்த ஒரு சென்டிமீட்டருக்கு உள்ளயே இருக்கற வரைக்கும். 1-ன்னா 0.0476. வழக்கமா இங்கதான் புள்ளைங்க அழும், "கரெக்ட் டெல்டா 0.0499 தானே, நீங்க ஏன் 0.0476 போடறீங்க, எது ஆன்சர்". போன வருஷம் இதுக்கு அரை மணி நேரம் தொண்டை கிழிஞ்சது. இந்த தடவை லேத் ஓட்டறவர் பையன் ஒருத்தன் சாதாரணமா சொன்னான், "எங்கப்பா எப்பவும் டிராயிங்ல இருக்கறதுக்கு உள்ள தாங்ணா ஓட்டுவாரு. 0.02-ன்னா 0.015-க்கு வெப்பாரு. இன்னும் டைட்டா வெச்சா யாருங்ணா வேண்டாங்கறது?" அவ்ளோதான், முடிஞ்சது. டெல்டாவுக்கு ஒரே ஒரு சரியான விடைன்னு ஒண்ணு இல்ல, ஒண்ணு வேலை செஞ்சா அதைவிடச் சின்னது எல்லாமே வேலை செய்யும். புக்ல இருக்கற விடையும் நம்ம விடையும் வேற வேறயா இருந்தா பதறாதீங்கன்னு அவன் புண்ணியத்துல சொல்லியாச்சு.

ஒரே ஒரு எடத்துல மட்டும் திருப்பித் திருப்பி மாட்டினாங்க, வரிசை. "நான் 0.01-க்குள்ள வெட்டறேன், அப்ப பரப்புல எவ்ளோ தப்பு வரும்னு சொல்றேன்"னு ஆரம்பிப்பாங்க. அது தலைகீழ். செய்யறவன் மொதல்ல பேசினா எந்த ஜாப்பும் பாஸ்தான், வெட்டினதுக்கு ஏத்த மாதிரி டாலரன்ஸ் எழுதிக்கலாமே. அதனால ஆட்டமாவே மாத்திட்டேன். ரெண்டு கட்சி, கஸ்டமர் கட்சி சீட்டுல ஒரு நம்பர் எழுதி நீட்டும், பட்டறை கட்சி அதைப் பாத்துட்டுத்தான் தன்னோட நம்பரை எழுதணும். கஸ்டமர் கட்சிப் பசங்க 0.000001-ன்னு எழுதிட்டு ஜெயிச்சுட்ட மாதிரி சிரிப்பாங்க, பட்டறை கட்சி 21 ஆல வகுத்துட்டு சீட்டைத் திருப்பி நீட்டும். நாலாவது ரவுண்டுலயே கஸ்டமருக்கு போர் அடிச்சுருச்சு, அதுதான் எனக்கு வேணும்.

இப்ப அந்தப் பொண்ணோட கேள்விக்கு வந்தோம். சராசரி வேகம் 4.9 இன்ட்டு 1 மைனஸ் எச். எச்சுக்கு 0 போட வேண்டாம், போடவே போடாத. கஸ்டமர் 0.01 தப்பு தாங்கும்னா என்ன பண்ணுவ? அதுவே போட்டுச்சு, தப்பு 4.9 எச், அது 0.01-க்குள்ள வரணும்னா எச் 0.002-க்குள்ள இருந்தா போதும். எச் 0 ஆகணும்னு எங்கயாவது வந்துச்சா? இல்ல. எந்த தப்பு குடுத்தாலும் 4.9 ஆல வகுத்து சமாளிச்சுருவோம், அதனாலதான் அந்தக் கணத்தோட வேகம் 4.9-ன்னு சொல்றோம். "அப்ப நேத்து போர்டுல 0 போட்டது தப்புதானுங்ணா"ன்னு கேட்டுச்சு. தப்புதான், விடை சரி, எழுதினது சோம்பேறித்தனம்னு ஒத்துக்கிட்டேன். எச் 0 இல்லாத எடத்துல மட்டும் வெட்டினோம், வெட்டின அப்புறம் கெடச்சது நல்ல பிள்ளையா இருக்கற சார்பு, அதோட லிமிட்டும் 0-ல அதோட மதிப்பும் ஒண்ணு, அதான் போட்டாலும் சரியா வருது. தொடர்ச்சின்னு அடுத்து வர்றது இதுக்குத்தான் பேரு.

தோக்கற ஆட்டம் ஒண்ணு வேணும்ல. அதுக்கு கரண்ட் பில். தமிழ்நாட்டுல வீட்டு கரண்ட்ல ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினா என்ன ஆகும்னு எல்லா வீட்டுலயும் அம்மாங்களுக்குத் தெரியும். 2022 செப்டம்பர்ல வந்த ரேட்டை எடுத்துக்கிட்டோம், 2024 ஜூலைல மறுபடி ஏறிச்சு ஆனா பழைய நம்பர் கணக்குக்கு வசதி. 500-க்குள்ள இருந்தா முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.25, அடுத்த 200-க்கு 4.50, கடைசி 100-க்கு 6. மொத்தம் 1725 ரூபா. 500-ஐத் தாண்டினா அந்த 2.25 சலுகை போயிரும், 101-லிருந்து 400 வரைக்குமே 4.50, அப்புறம் 6, அதுக்கு மேல 8. 500-க்கு மேல இருந்து 500-க்கு எறங்கி வந்தா 1950-ல நிக்குது. இடப்பக்க எல்லை 1725, வலப்பக்க எல்லை 1950. நடுவுல 225 ரூபா பள்ளம்.

பட்டறை கட்சி, லிமிட் என்னன்னு சொல்லிட்டு ஆர்டர் எடுங்க. 1725-ன்னாங்க. கஸ்டமர் 100 ரூபா தப்பு தாங்கும்னு நீட்டினாங்க, வலது பக்கம் அடி வாங்குச்சு. 1950-ன்னாங்க, இடது பக்கம் அடி. அந்த 10.1 இன்ட்டு 9.9 பய இருக்கானே, அவன் சத்தமில்லாம 1837.50-ன்னு எழுதினான், ரெண்டுக்கும் நட்ட நடு. கஸ்டமர் 120 நீட்டினாங்க, இவன் அரை யூனிட்டுக்குள்ள பாத்துக்கறேன்னான். கணக்கு போட்டுப் பாத்தா சரிதான், இடது பக்கம் 1722 வரைக்கும், வலது பக்கம் 1954 வரைக்கும், ரெண்டுமே 120-க்குள்ள வருது! கஸ்டமர் கட்சி திணறிப் போச்சு. அப்புறம் ஒருத்தி 100 நீட்டினா. செத்தான். டெல்டாவை எவ்ளோ சுருக்கினாலும் ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல 225 இருக்கு, எங்க நின்னாலும் ஒரு பக்கமாவது 112.50-க்குக் கொறையாம தள்ளி இருக்கும். ஒரு தடவை தப்பிச்சா போதாது, எல்லா ஆர்டரையும் எடுக்கணும், ஒரே ஒரு ஆர்டரை எடுக்க முடியலன்னாலும் லிமிட் இல்ல. இதை நான் சொல்லிக் குடுக்கல, அவன் தோத்துக் காட்டினான்.

யூனிட் முழு எண்ணாத்தானே வரும், 500.3-க்கு எங்கங்ணா பில் போடுவாங்கன்னு ஒரு ஆட்சேபணை வந்துச்சு. நியாயம்தான். மீட்டர்ல புள்ளிக்கு அப்புறமும் ஓடுது, அதை வெச்சு பில் போடறதா நெனச்சுக்கோன்னு சொல்லித் தள்ளிட்டேன்.

இது வரைக்கும் ஏழு நாள், போன வருஷத்தை விட ரெண்டு நாள் ஜாஸ்தி. இன்னும் புக் கணக்கு ஆரம்பிக்கல, ஒரு அப்பா போன் பண்ணி போர்ஷன் எப்ப சார் முடிப்பீங்கன்னு கேட்டாரு. அதுக்கப்புறம் காரணிப்படுத்தறது, கான்ஜுகேட், சைன் எக்ஸ் பை எக்ஸ் எல்லாம் மூணு நாள்ல ஓடிருச்சு, அது எப்பவுமே ஓடும், அதுல எழுத ஒண்ணும் இல்ல.

கடைசி நாள் அதே பழைய கேள்வி. 2-ல மட்டும் 10-ன்னு வெச்சுட்டேன், லிமிட் என்ன? பதினொண்ணுல ஒம்பது பேர் 4. ஒருத்தன் இன்னமும் 10. ஒரு பொண்ணு 4-ன்னு எழுதி அடிச்சு 10-ன்னு எழுதி அதையும் அடிச்சு வெச்சிருந்துச்சு. லேத்காரர் பையன் பேப்பர்ல விடைக்குக் கீழ ஒரு வரி, "அந்த ஒரு பீஸ் மட்டும் ரிஜெக்ட், அதைச் சுத்தி இருக்கற லாட் எல்லாம் 4-தான்". முழு மார்க் போட்டேன், லாட்டுங்கற வார்த்தையை பப்ளிக் எக்ஸாம்ல எழுதிராதடான்னு பக்கத்துல குறிச்சேன்.

அந்த 10-ன்னு எழுதினவனைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் அட்டை வெட்டின அன்னிக்கு லீவு. மிச்ச அட்டை மாடி ரூம்ல கெடக்கு, ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கேன், வெர்னியரைத்தான் பட்டறையில மறுபடி கேக்கணும்.